கம்பி ரேடியோவுக்குப் பதில் சொன்னவர்

நல்லம்மாள் மலாய் நாட்டின் கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. 1971இல் அய்யாவுவைக் கட்டிக்கொண்டு கிள்ளான் டவுனுக்கு வந்தார். அங்கே சிம்பாங் லீமா பகுதியில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு வாடகை வீடு. அய்யாவு சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஒரு முறை புறப்பட்டால் எட்டு மாதம், ஒன்பது மாதம் கழித்துத்தான் வீட்டுப் படி மிதிப்பார்.

அந்த வீட்டுச் சுவரில், அவர்கள் குடி வருவதற்கு முன்பே, ஒரு மரப்பெட்டி ஆணியடித்து மாட்டியிருந்தது. முன்பக்கம் துணி ஒட்டியிருக்கும். கீழே ஒரே ஒரு திருகு. திருகினால் சத்தம் கூடும், குறையும், அவ்வளவுதான். ஸ்டேஷன் மாற்ற முடியாது. ஒரு தனியார் கம்பெனி டவுனில் கம்பம் கம்பமாகக் கம்பி இழுத்து, கடைகளுக்கும் வீடுகளுக்கும் அந்தப் பெட்டியைக் கொடுத்திருந்தது. கம்பெனிக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ பெயர் உண்டு. யாரும் அதைச் சொன்னதில்லை. எல்லாருக்கும் அது கம்பி ரேடியோ.

நாள் முழுக்கச் சீனம், மலாய், ஆங்கிலம் என்று ஓடும் பெட்டியில் தமிழுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு 'ஊர்க்கடிதம்' என்ற நிகழ்ச்சி. நடத்தியவர் பெயர் ஜெயராஜ். நேயர்கள் எழுதிய கடிதங்களைப் படிப்பார். யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, எந்தத் தோட்டத்தில் திருவிழா, எந்த பஸ்ஸில் யார் ஐ.சி. என்கிற அடையாள அட்டையைத் தொலைத்தார், யார் காலமானார், எல்லாம் வரும். அரசாங்க ரேடியோவிலும் தமிழ் உண்டு. நல்ல நிகழ்ச்சிகளும் உண்டு. ஆனால் அதில் நாடு முழுவதற்கும் பேசுவார்கள். ஜெயராஜ் கிள்ளானுக்கும் அதைச் சுற்றிய ஊர்களுக்கும் மட்டும் பேசினார். "பாசார் பக்கத்துல சாக்கடை உடைஞ்சிருக்கு, பார்த்துப் போங்க" என்று அவர் சொன்னால், அந்தச் சாக்கடையை நாமே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கடலில் அய்யாவுக்கு வீட்டை விட அதிகம் நினைவுக்கு வந்தது அந்த ஒரு மணி நேரம்தான் என்று நல்லம்மாள் பிற்காலத்தில் கிண்டல் செய்வார். 1973இல் ஜப்பானிலிருந்து அய்யாவு ஒரு கேசட் ரெக்கார்டர் வாங்கி வந்தார். கடிதம் எழுத நல்லம்மாள் படும் பாடு அவருக்குத் தெரியும். நாலு வரிக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். அதனால் யோசனை சொன்னார்.

"நீ எழுத வேணாம். ஞாயித்துக்கிழம பெட்டி பேசுறத அப்படியே புடிச்சு அனுப்பு. அதுவே எனக்கு லெட்டர்தான்."

அப்படித்தான் தொடங்கியது. ஞாயிறு ஒன்றே முக்காலுக்கு நல்லம்மாள் முக்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, அதன்மேல் மடித்த துண்டை விரித்து, ரெக்கார்டரை வைப்பார். மைக்கைப் பெட்டியின் துணிக்கு நேராக ஒரு டின்பால் டப்பாவில் நிறுத்துவார். அரைமணிக்கு ஒரு பக்கம் முடியும். ஜெயராஜ் சரியாக இரண்டரைக்கு ஒரு பாட்டுப் போடுவார் என்று கண்டுபிடித்து, அந்தப் பாட்டுக்குள் கேசட்டைத் திருப்பிவிடுவார். தொடக்கத்தில் தன் குரலில் தேதி சொல்லிவிடுவார். மாதம் இரண்டு கேசட், சில மாதம் மூன்று. துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் அய்யாவு கைக்குப் போய்ச் சேரும். திரும்பி வரும்போது அய்யாவு எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுவந்து விடுவார்.

1982 நவம்பரில் கம்பி ரேடியோவை மூடினார்கள். கடைசி ஞாயிறு ஜெயராஜ் வழக்கம் போலவே கடிதங்களைப் படித்தார். கடைசி இரண்டு நிமிடம் மட்டும் நன்றி சொன்னார். அதற்கடுத்த வாரம் ஆட்கள் ஏணியோடு வந்து கம்பியை வெட்டிச் சுருட்டிக்கொண்டு போனார்கள். பெட்டியை யாரும் கேட்கவில்லை. நல்லம்மாள் அதைக் கழற்றவும் இல்லை. பல வாரம் ஞாயிறு இரண்டு மணிக்குக் கை தானாகத் திருகுக்குப் போனதாகச் சொல்வார்.

நான்கு வருடம் கழித்து அய்யாவு கடல் வேலையை விட்டுக் கரையேறினார். இருவரும் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில் காலைச் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். தோசையும், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் அய்யாவு கை. சட்னியும் வாடிக்கையாளர்களும் நல்லம்மாள் பொறுப்பு. கேசட்டுகள் பிஸ்கட் டின்களில் அடைபட்டுக் கட்டிலுக்கடியில் கிடந்தன.

1993இல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கழுத்தில் மெல்லிய துணி சுற்றிய ஒரு பெரியவரும் அவர் மனைவியும் கடைக்கு வந்தார்கள். பெரியவர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து, 'இரண்டு தோசை, சம்பல் வேண்டாம்' என்று எழிலான கையெழுத்தில் எழுதி நீட்டினார். பேச முடியாதவர் போலிருக்கிறது என்று நல்லம்மாள் நினைத்துக்கொண்டார். சாப்பிட்டு முடித்ததும், தோசை நன்றாக இருக்கிறது என்று மனைவி வந்து சொன்னார். தலைநகரத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறோம், சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தோம் என்றார். அவர் பெயர் மார்க்கிரட். யாழ்ப்பாணக் குடும்பம், ரயில்வே அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, இரண்டு வருடத்துக்கு முன் குரல்வளையையே எடுத்துவிட்டார்களாம்.

"இவர் முந்தி கிள்ளான்ல கம்பி ரேடியோவில பேசினவர். ஜெயராஜ் எண்டு. உங்களுக்கு ஞாபகம் இருக்காது" என்றார் மார்க்கிரட்.

நல்லம்மாள் சட்னிக் கரண்டியோடு நின்றுவிட்டார். அய்யாவும் திரும்பிப் பார்த்ததில் கல்லில் தோசை கருகியது. அவசரமாகத் திருப்பிப் போட்டார்.

மார்க்கிரட் தொடர்ந்து சொன்னார். அந்த நிகழ்ச்சி எல்லாமே நேரடியாகப் போனது. கம்பெனி எதையும் பதிவு செய்து வைக்கவில்லை. வீட்டிலும் யாருக்கும் தோன்றவில்லை. தினமும் பேசுகிற மனிதரை யார் டேப்பில் பிடித்து வைப்பார்கள்? அவர்களுடைய மகள் லண்டனில் இருந்து போன் செய்யும்போதெல்லாம் அப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று மறந்துகொண்டே வருகிறது என்று அழுகிறாள்.

"அவருடைய குரல் எங்கட வீட்டில ஒரு துண்டும் இல்லை, தங்கச்சி."

"எங்கிட்ட இருக்கு அக்கா" என்றார் நல்லம்மாள். "இருநூத்துப் பதினொரு கேசட்டு."

ஜெயராஜ் நோட்டை மூடினார். பெஞ்சில் உட்கார்ந்தார். 

அன்றைக்கே கடையைச் சீக்கிரம் எடுத்து வைத்துவிட்டு நால்வரும் சிம்பாங் லீமாவுக்குப் போனார்கள். நல்லம்மாள் டின்களை இழுத்துத் திறந்தார். கேசட்டுகளின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. முதலாவதைப் போட்டதும் நாடா இழுபட்டுக் கத்தியது. இரண்டாவது நகரவே இல்லை. மூன்றாவதை ரெக்கார்டர் தின்றுவிட்டது. அய்யாவு பிளக்கைப் பிடுங்கிப் போட்டு, போதும், மிச்சத்தையும் கெடுக்க வேண்டாம் என்றார். மார்க்கிரட், பரவாயில்லை தங்கச்சி, இவ்வளவு நாள் வைத்திருந்ததே பெரிது என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல்தான் நல்லம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் ராதாகிருஷ்ணன் என்பவர் மாடிப்படிக்குக் கீழே ரேடியோ, டேப் ரிப்பேர் கடை வைத்திருந்தார். நல்ல வேலைக்காரர், ஆனால் சிடுசிடுப்பு. நல்லம்மாள் ஒரு டின்னைப் பையில் வைத்து பஸ் ஏறிப் போனார். ராதாகிருஷ்ணன் ஒரு கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது செத்துப் போய்விட்டது, தூக்கிப் போடுங்கள் என்று திருப்பிக் கொடுத்தார். நல்லம்மாள் நகரவில்லை. யார் குரல் இதில் இருக்கிறது என்று சொன்னார். ராதாகிருஷ்ணன் அந்தக் காலத்தில் கிள்ளானை அடுத்த மேரு பக்கம் இருந்தவர். திருப்புளியைக் கீழே வைத்தார்.

"ஊர்க்கடிதமா? அந்த ஜெயராஜா? மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே லா."

பிறகு நடந்தது ஏழு மாத வேலை. ராதாகிருஷ்ணன் ஒவ்வொரு கேசட்டின் கூட்டையும் பிரித்து, நாடாவை வெளியே எடுத்து, பஞ்சால் அங்குலம் அங்குலமாகத் துடைத்து, புதுக் கூட்டுக்குள் சுற்றிவைப்பார். அறுந்த இடங்களை ஒட்டுவார். நல்லம்மாள் வாரம் மூன்று நாள் கடை முடிந்ததும் பஸ் பிடித்து வந்து பக்கத்தில் உட்காருவார். முதல் மாதம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது மாதம் துடைக்கத் தொடங்கினார். மூன்றாவது மாதம், ஒட்டுவதற்கு அக்கா கைதான் நிதானம் என்று ராதாகிருஷ்ணனே கத்தரியைக் கொடுத்துவிட்டார்.

முதல் கேசட் தயாரானபோது ஜெயராஜையும் மார்க்கிரட்டையும் ரிப்பேர் கடைக்கு அழைத்தார்கள். அய்யாவும் வந்திருந்தார். ராதாகிருஷ்ணன் பொத்தானை அழுத்தினார். முதலில் ஒரு பெண் குரல், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சு, மார்ச் ஒம்பது என்று சொன்னது. தூரத்தில் சேவல் கூவியது. பிறகு அந்தக் குரல் வந்தது. அவசரமே இல்லாத, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது போன்ற குரல்.

"வணக்கம். ஞாயிற்றுக்கிழமை, மணி இரண்டு. சாப்பிட்டாச்சா?"

உடனே அந்தப் பெண் குரல் மறுபடி கேட்டது: "ஆச்சு, ஆச்சு. நீங்க?"

ராதாகிருஷ்ணன் டேப்பை நிறுத்திவிட்டு நல்லம்மாளைப் பார்த்தார். நல்லம்மாளுக்கு வெட்கத்தில் முகம் சிவந்துபோனது. தனியாக இருந்த வீட்டில், பெட்டியோடு தான் பேசிக்கொண்டிருந்தது மைக்கில் விழுந்திருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. கேசட்டை அனுப்பினாரே தவிர, ஒரு நாளும் போட்டுக் கேட்டதில்லை. போடுங்கள் என்று அய்யாவு சிரித்தார். டேப் ஓடியது. மழை வரும் போலிருக்கிறது என்று ஜெயராஜ் சொல்ல, கொடியில் துணி கிடக்கு என்று நல்லம்மாள் எழுந்து ஓடும் காலடி கேட்டது. ஜெயராஜ் ஒரு நகைச்சுவைத் துணுக்கு சொன்னார். "போன மாசமும் இதத்தான் சொன்னீங்க" என்றது நல்லம்மாளின் குரல். ஒரு மரண அறிவிப்பு வந்தபோது, அட கடவுளே, நல்ல மனுசனாச்சே என்று மெதுவாகச் சொன்னது.

தான் பேசியதையெல்லாம் அழித்துவிடச் சொல்லி நல்லம்மாள் ராதாகிருஷ்ணனிடம் கெஞ்சினார். இரண்டு குரலும் ஒரே மைக்கில் விழுந்தவை, பிரிக்க முடியாது என்றார் அவர். அப்போதுதான் அய்யாவு இருபது வருடம் சொல்லாததைச் சொன்னார். கப்பலில் தமிழ் தெரிந்தவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். சமையலறையில் கேசட்டைப் போட்டால், ஜெயராஜ் பேசி நிறுத்தும் இடத்திலெல்லாம் ஐந்து பேரும், இப்போது அண்ணி என்ன சொல்லுவார் என்று காத்திருப்பார்கள்.

"ஒங்கிட்ட சொன்னா வெக்கப்பட்டு நிறுத்திருவ. அதான் சொல்லல" என்றார்.

ஜெயராஜ் இதற்குள் நோட்டில் எழுதத் தொடங்கியிருந்தார். நீளமாக எழுதினார். மார்க்கிரட் வாங்கி உரக்கப் படித்தார்:

"ஸ்டூடியோ ஒரு சின்ன அறை. என் எதிரே இருந்தது சுவர். அந்தச் சுவரைப் பார்த்துத்தான் வாராவாரம் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டேன். கேட்கிறவர்கள் இருக்கிறார்களா என்று சந்தேகம் வந்த நாட்கள் உண்டு. இன்றைக்குத்தான் பதில் கேட்டேன். ஒரு சொல்லையும் வெட்டக் கூடாது."

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: "துணுக்கைத் திரும்பச் சொன்னது உண்மைதான். மன்னிக்கவும்."

இருநூற்றுப் பதினொன்றில் நூற்று எழுபத்து நான்கு பிழைத்தன. மார்க்கிரட் மகளுக்கு ஒரு பிரதி அனுப்பினால் போதும் என்றுதான் எண்ணியிருந்தார். நல்லம்மாளுக்கு அது போதவில்லை. நாடாவைத் துடைத்துத் துடைத்து அவருக்கு அந்தக் கடிதங்கள் மனப்பாடமாகியிருந்தன. எழுதினவர்கள் இன்னும் இதே ஊர்களில்தானே இருப்பார்கள், அவர்கள் கேட்க வேண்டாமா என்றார். மண்டபம் எடுத்து எல்லாரையும் கூப்பிடுவோம் என்று அவர்தான் சொன்னார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சங்கத்தின் மாடி மண்டபம் கிடைத்தது. பழைய ரேடியோ சத்தத்தைக் கேட்க ஞாயிறு மத்தியானம் யார் வரப்போகிறார்கள் என்று செயலாளருக்குச் சந்தேகம். நூற்றிருபது நாற்காலி போட்டார். அதுவே அதிகம் என்றார். விளம்பரத்தை ஜெயராஜ் தன் கையாலேயே எழுதினார், நாற்பது தாள். தமிழ்ப் பத்திரிகை ஒன்று மூன்று வரிச் செய்தி போட்டது. நல்லம்மாள் ஆறு வாரம் தோசை வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். கிள்ளான் பஸ் டிரைவர்களிடம் சொன்னார். ஆஸ்பத்திரித் தாதிகளிடமும் லோரிக்காரர்களிடமும் சொன்னார்.

1994 ஜூலையில் அந்த ஞாயிறு வந்தது. ஒன்றரை மணிக்கே நாற்காலிகள் தீர்ந்துவிட்டன. செயலாளர் கீழ்க்கடையில் இருந்து பெஞ்சுகளைத் தூக்கி வரச் சொன்னார். ஆட்கள் சுவரோரம் நின்றார்கள், மாடிப்படியில் உட்கார்ந்தார்கள், தெருவில் நின்றார்கள். ராதாகிருஷ்ணன் ஜன்னலில் இரண்டு ஒலிபெருக்கிகளை வெளியே பார்த்துக் கட்டினார். பூச்சோங், அம்பாங், பந்திங், காப்பார் என்று வந்தவர்கள் எந்த ஊர் என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். தலை எண்ணப் போன செயலாளர் ஐந்நூறுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டார்.

சரியாக இரண்டு மணிக்கு நல்லம்மாள் மேடையேறிப் பொத்தானை அழுத்தினார்.  உரை எதுவும் கிடையாது. மாலை மரியாதை கிடையாது. ஜெயராஜ் முதல் வரிசையில் மார்க்கிரட் பக்கத்தில் இருந்தார்.

"வணக்கம். ஞாயிற்றுக்கிழமை, மணி இரண்டு. சாப்பிட்டாச்சா?"

டேப்பில் நல்லம்மாள் பதில் சொல்வதற்கு முன்பே மண்டபம் சொன்னது, "ஆச்சு" என்று. படிக்கட்டும் சொன்னது. தெருவில் இருந்தும் வந்தது. ஜெயராஜ் நாற்காலியில் திரும்பி, அந்த ஐந்நூறு முகங்களையும் பார்த்தார். திரும்பியது திரும்பியபடியே வெகுநேரம் இருந்தார்.

அடுத்து ஒரு கடிதம். பூச்சோங்கிலிருந்து அண்ணாமலை, தெய்வானை தம்பதி, ஆறாம் வகுப்பில் தேறிய தங்கள் மகன் முத்துக்கருப்பனுக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள் என்று குரல் படித்தது. மண்டபத்தின் பின்பக்கம் ஒருவர் எழுந்தார். முப்பது வயதுக்கு மேலிருக்கும், உயரமானவர், லோரி ஓட்டுகிறவர்.

"நான்தாங்க முத்துக்கருப்பன்" என்றார். "அப்பா போய்ப் பத்து வருஷம் ஆச்சு. அம்மா கீழ நிக்கிறாங்க."

கூட்டம் வழிவிட்டது. அவருடைய அம்மாவைக் கைபிடித்து மேலே கொண்டுவந்து நாற்காலி கொடுத்தார்கள். நல்லம்மாள் டேப்பைப் பின்னால் ஓட்டி, அந்தக் கடிதத்தை மறுபடி போட்டார். தெய்வானை அம்மாள் கணவர் எழுதிய வரிகளை இரண்டாவது முறை கேட்டுவிட்டு, ஆமாம், நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவர் எழுதினார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலே அது பழக்கமாகிவிட்டது. டேப்பில் பெயர் வந்தால் அந்தப் பெயர்க்காரர் எழுந்து, இருக்கேன் என்பார். அவர் இல்லையென்றால் பிள்ளையோ தம்பியோ அண்டை வீட்டாரோ எழுந்து, எங்கே இருக்கிறார், என்ன ஆனார் என்று சொல்வார். அம்பாங்கிலிருந்து வந்த நாகம்மை எழுந்து, 1975இல் பஸ்ஸில் தொலைத்த ஐ.சி. அந்த அறிவிப்பால் மூன்றாம் நாளே கிடைத்தது, நன்றி சொல்லத்தான் இத்தனை வருடம் ஆகிவிட்டது என்றார். மண்டபம் சிரித்தது. ஒரு மணி நேர நிகழ்ச்சி ஐந்து மணி வரை போனது. நாற்பத்து மூன்று பேர் எழுந்திருந்தார்கள்.

முடிந்ததும் எல்லாரும் ஜெயராஜைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் நோட்டை எடுக்கவே இல்லை. கையைப் பிடிக்க வந்தவர்களுக்குக் கையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நல்லம்மாளிடம் வந்தவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எங்கள் ஊருக்கு எப்போது கொண்டுவருகிறீர்கள்?

அந்த வருடமே ஒன்பது ஊர்களுக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தோசைக் கடை மூடியது. ராதாகிருஷ்ணனின் வேனில் முன்சீட்டு நல்லம்மாளுடையது என்று பேச்சில்லாமலே முடிவாகியிருந்தது. ராதாகிருஷ்ணன் ஓட்ட, அய்யாவும் ஜெயராஜும் மார்க்கிரட்டும் பின்னால் ஒலிபெருக்கிகளோடு நெருக்கிக்கொண்டு வந்தார்கள். நாலாவது ஊர் நல்லம்மாள் பிறந்த கேரி தீவு. பாலத்தைத் தாண்டி எண்ணெய்ப்பனைகளுக்கு நடுவே செம்மண் சாலையில் வேன் திரும்பியபோது, தோட்டத்து மண்டபத்து வாசலில் கூட்டம் தெரிந்தது. எல்லாரும் குளித்து, நல்ல உடுப்பு உடுத்தி, குடும்பம் குடும்பமாக நின்றார்கள்.

"யாருக்குக் காத்திருக்காங்க, பெரிய ஆளு யாராச்சும் வராங்களா?" என்று கேட்டார் நல்லம்மாள்.

"ஒனக்குத்தான்" என்றார் அய்யாவு.

நல்லம்மாள் புடவையைச் சரிசெய்துகொண்டு, வேன் சரியாக நிற்பதற்குள் கதவைத் திறந்து இறங்கினார்.